கொலோனோஸ்கோபி நார்மல்னாங்க, ஆனா லூஸ் மோஷன் நிக்கல: மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ் பத்தி

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். அம்மாவுக்கு 61 வயசு, எட்டு மாசமா தண்ணியாவே போகுது, ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை, ராத்திரியும் தூக்கத்துல இருந்து எழுந்து ஓடுறாங்க, முதல்ல பண்ண கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கற டெஸ்ட், நார்மல்னு வந்ததால ஐபிஎஸ் (குடல்ல கோளாறு எதுவும் தெரியாமயே வயித்து வலியும் மோஷன் தொந்தரவும் வர்றது), டென்ஷன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, அப்புறம் வேற டாக்டர் திரும்ப கொலோனோஸ்கோபி பண்ணி பயாப்ஸிக்கு, அதாவது குடல்ல இருந்து சின்ன துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்க, அனுப்பினதுல கொலாஜனஸ் கொலைட்டிஸ்னு, அதாவது மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ்ல ஒரு வகைன்னு, ரிப்போர்ட் வந்துருக்கு, பியூடெசோனைடுங்கற ஸ்டீராய்டு மாத்திரை எட்டு வாரம் சாப்பிட்டாங்க, பத்து நாள்லயே நின்னுடுச்சு, மாத்திரையை நிறுத்தி மூணு வாரத்துல பழையபடி ஆரம்பிச்சிடுச்சு. திரும்ப வந்துடுச்சே, அப்போ கண்டுபிடிச்சதே தப்பான்னு கேக்கறீங்க. ஆனா எழுதியிருக்கற விதத்தைப் பாத்தா இது கேன்சர்ல போய் முடியுமோ, அம்மா ஆயுசுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடணுமோங்கற பயம்தான் பெருசா இருக்கற மாதிரி தெரியுது. நான் குடல் நோய் டாக்டர், இந்த நோயை வருஷக்கணக்கா பாத்துட்டு வரேன். அம்மாவோட பயாப்ஸி ஸ்லைடையோ ரிப்போர்ட்டையோ நான் பாக்கல, அவங்களையும் பரிசோதிக்கல, அதனால இந்த மாத்திரையை நிறுத்துங்க, அதை ஏத்துங்கன்னு இங்க உக்காந்து சொல்ல மாட்டேன். எது உறுதியா தெரிஞ்சது, எது இன்னும் சந்தேகத்துல இருக்குன்னு பிரிச்சு சொல்றேன், அதை வச்சு உங்க டாக்டர்கிட்ட பேசுங்க.

கேன்சர் பயத்தை முதல்ல விடுங்க. மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ் பெருங்குடல் கேன்சர் வர்ற வாய்ப்பைக் கூட்டறது இல்ல, இது பல நாடுகள்ல பெரிய பெரிய கூட்டத்தைப் பல வருஷம் தொடர்ந்து பாத்து வந்த முடிவு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ்னு குடல் புண்ணாகற வேற நோய்களைக் கேள்விப்பட்டிருப்பீங்க, பேர்ல கொலைட்டிஸ்னு இருக்கறதால அதையும் இதையும் ஒண்ணா நினைச்சு நிறைய பேர் பயந்துடறாங்க. மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ்ல குடல் புண்ணாகி ரத்தம் போகாது, ஆயுசும் குறையாது. ஆனா அதைக் காரணமா வச்சு இதை லேசான நோய்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். என்கிட்ட வர்றவங்க எந்தத் தெருவுல எந்த இடத்துல பாத்ரூம் இருக்குன்னு மனப்பாடமா வச்சிருப்பாங்க, கல்யாணம் காட்சிக்குப் போறதை நிறுத்தியிருப்பாங்க, வெளிய கிளம்பணும்னா முந்தின நாள் ராத்திரியில இருந்தே சாப்பிட மாட்டாங்க, பைக்குள்ள மாத்துத் துணி ஒண்ணு எப்பவும் இருக்கும். அவசரத்துல துணியிலயே போயிடறதைப் பத்தி பெத்த பிள்ளைங்க கிட்ட கூட சொல்லியிருக்க மாட்டாங்க. அம்மாகிட்ட அதை மெதுவா கேட்டுப் பாருங்க, டாக்டருக்கு இது தெரிஞ்சா வைத்தியம் எவ்வளவு தூரம் போகணும்ங்கற முடிவே மாறும்.

அடுத்தது, முதல் கொலோனோஸ்கோபி ஏன் நார்மல்னு வந்துச்சு. இந்த நோய்ல கேமரா வழியா பாக்கும்போது குடல் பெரும்பாலும் சாதாரணமாத்தான் தெரியும், மிஞ்சிப் போனா லேசா வீங்கின மாதிரி, சிவந்த மாதிரி இருக்கும். பேரே அதனாலதான் வந்தது. 1976-ல ஸ்வீடன்ல லிண்ட்ஸ்ட்ரோம்ங்கறவர் கொலாஜனஸ் கொலைட்டிஸை முதல்ல எழுதினார், 1980-ல இன்னொரு குழு, கண்ணுக்கு நார்மலா தெரியற குடல்ல மைக்ராஸ்கோப்ல மட்டும் அழற்சி தெரியறதைப் பாத்து மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ்ங்கற பேரைப் போட்டாங்க. ஆக நாள்பட்ட தண்ணி லூஸ் மோஷனுக்குக் கொலோனோஸ்கோபி பண்றப்ப, குடல் எவ்வளவு அழகா தெரிஞ்சாலும் பயாப்ஸி எடுத்தே ஆகணும், எடுக்கலைன்னா அந்த டெஸ்ட் பாதிதான் முடிஞ்சிருக்கு. எங்க இருந்து எடுக்கறோம்ங்கறதும் முக்கியம், மலக்குடல் பக்கத்துல மட்டும் ரெண்டு துண்டு எடுத்தா தப்பிப் போயிடலாம், ஏன்னா இந்த நோய்ல தடிக்கற கொலாஜன்ங்கற நார்ப்புரதப் பட்டை குடல் முழுக்க ஒரே தடிமன்ல இருக்காது, வலது பக்கம் தடிமனா இருந்து மலக்குடல்ல சுத்தமா இல்லாமயும் இருக்கும். வலது பக்கத்துல இருந்தும் இடது பக்கத்துல இருந்தும் தனித்தனியா எடுத்து, தனித்தனி பாட்டில்ல போட்டு அனுப்பறதுதான் சரியான முறை. உங்க ரிப்போர்ட்ல எந்தெந்த இடத்துல இருந்து எடுத்தாங்கன்னு எழுதியிருக்கும், பாருங்க.

டயக்னோசிஸ் சரிதானான்னு நீங்க கேட்டதுக்கும் பதில் அந்த ரிப்போர்ட்லதான் இருக்கு. குடலோட மேல்தோலுக்குக் கீழ சாதாரணமாவே ஒரு மெல்லிசான கொலாஜன் படலம் இருக்கும், 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) குறைவா. அது 10 மைக்ரானைத் தாண்டி பட்டையா தடிச்சு, கூடவே கீழ இருக்கற திசுவுல அழற்சி செல்களும் கூடியிருந்தா கொலாஜனஸ் கொலைட்டிஸ். பட்டை தடிக்காம, மேல்தோல்ல 100 செல்லுக்கு 20-ஓ அதுக்கு மேலயோ லிம்ஃபோசைட்ங்கற வெள்ளை அணு நுழைஞ்சிருந்தா லிம்ஃபோசைட்டிக் கொலைட்டிஸ். ரெண்டுக்கும் அறிகுறி, வைத்தியம் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டு அளவுக்கும் கொஞ்சம் கீழ நிக்கற அரைகுறை வகையும் உண்டு, அறிகுறி இருந்தா அதுக்கும் இதே வைத்தியம் பண்றோம். இங்க ஒரு நுணுக்கம் சொல்லணும். பயாப்ஸி துண்டை மெழுகுல பதிச்சு சீவும்போது அது நேரா நிக்காம சாஞ்சிருந்தா, சாதாரண படலம் கூட தடிச்ச மாதிரி தெரியும், அதனால நல்ல பெத்தாலஜிஸ்ட் குடல் சுரப்பிகள் நேரா வெட்டுப்பட்ட இடத்தைத் தேடித்தான் அளப்பாங்க, சந்தேகம்னா ட்ரைக்ரோம்னு ஒரு சாயம் போட்டா கொலாஜன் மட்டும் தனியா நீலமா எடுத்துக் காட்டும். உண்மையான பட்டையா இருந்தா அதோட கீழ் விளிம்பு ஒழுங்கில்லாம கோணலா இறங்கியிருக்கும், சின்னச் சின்ன ரத்தக் குழாய் உள்ள மாட்டியிருக்கும், மேல்தோல் அங்கங்க பிச்சுக்கிட்டு வந்திருக்கும். ரிப்போர்ட்ல இந்த மாதிரி விவரம் இருந்து மாத்திரைக்கும் பத்து நாள்ல கேட்டிருக்குன்னா கண்டுபிடிச்சது சரின்னுதான் நான் எடுத்துப்பேன். சும்மா ஒரு வரியில முடிச்சிருந்தாங்கன்னா ஸ்லைடை வாங்கி குடல் பயாப்ஸி நிறைய பாக்கற இன்னொரு பெத்தாலஜிஸ்ட்கிட்ட காட்டறதுல தப்பே இல்ல, அதுக்காக இன்னொரு கொலோனோஸ்கோபி தேவையில்ல.

முதல் டாக்டர் மேல உங்களுக்கு இருக்கற கோவம் புரியுது. நியாயமா சொன்னா, இந்த நோய் இருக்கறவங்கள்ல கணிசமான பேரோட அறிகுறி ஐபிஎஸ் அளவுகோலுக்குள்ளயும் பொருந்திடும், அதனால குழப்பம் வர்றது இயல்பு. ஆனா பிரிச்சுப் பாக்க வழி இருக்கு. ஐபிஎஸ் பெரும்பாலும் சின்ன வயசுல ஆரம்பிக்கும், வயித்து வலி முன்னாடி நிக்கும், தூக்கத்துல இருந்து எழுப்பி ஓட வைக்கறது அபூர்வம். 50, 60 வயசுல புதுசா ஆரம்பிச்சு, தண்ணியா, ரத்தமில்லாம, ராத்திரியும் போகுது, எடையும் கொஞ்சம் குறையுதுன்னா அதுவும் பொம்பளைங்கன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது இந்த நோய்தான். இதை வயசானவங்க நோய்னு மட்டும் நினைச்சுடக் கூடாது, 45 வயசுக்குக் கீழயும் பாக்கறோம். மலத்துல குடல் அழற்சியைக் காட்டற கேல்புரோடெக்டின் டெஸ்ட் நார்மலா இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க, இந்த நோய்ல அது நார்மலாவும் வரும், கூடியும் வரும், அதை வச்சு இது இல்லைன்னு ஒதுக்க முடியாது. ரத்த டெஸ்ட் எதுவும் இதைக் கண்டுபிடிக்காது.

இப்ப எனக்கு உங்க கேள்வியிலயே முக்கியமா பட்ட இடத்துக்கு வரேன், நீங்க போற போக்குல எழுதினது: அம்மா அசிடிட்டிக்கு லான்ஸோபிரசோல் ரெண்டு வருஷமா சாப்பிடறாங்க, முட்டி வலிக்கு அப்பப்ப டைக்ளோஃபெனாக் போட்டுக்கறாங்க. இந்த ரெண்டு வகை மருந்துமே மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸோட சேத்து அடிக்கடி பேசப்படறது. அமிலத்தைக் குறைக்கற பிரசோல் வகையில குறிப்பா லான்ஸோபிரசோல், வலி மாத்திரைகள், மனச்சோர்வுக்குக் குடுக்கற செர்ட்ரலின் மாதிரி மருந்துகள், இன்னும் சில இந்தப் பட்டியல்ல இருக்கு. இதுல உறுதியா தெரிஞ்சது என்னன்னா இந்த மருந்து சாப்பிடறவங்ககிட்ட இந்த நோய் அதிகமா காணப்படுது, சிலருக்கு மருந்தை நிறுத்தினதும் லூஸ் மோஷன் நின்னு, திரும்ப ஆரம்பிச்சதும் வந்திருக்கு. ஆனா மருந்துதான் நோயை உண்டாக்குதா, இல்ல உள்ள இருந்ததை வெளிய கொண்டு வருதா, இல்ல லூஸ் மோஷனுக்காக டாக்டர்கிட்ட போனதால கண்டுபிடிக்கப்படறது கூடுதான்னு இன்னும் வாதம் நடக்குது. அதனால நான் தேதியைத்தான் பாப்பேன், எந்த மருந்து எப்ப ஆரம்பிச்சீங்க, லூஸ் மோஷன் எப்ப ஆரம்பிச்சது, பிராண்டு மாத்தினீங்களா, டோஸ் ஏத்தினீங்களா. பத்து வருஷமா ஒத்துக்கிட்ட மருந்து மேல சந்தேகம் குறைவு, நோய் வர்றதுக்கு சில மாசம் முன்னாடி ஆரம்பிச்சது மேல சந்தேகம் அதிகம். இருந்தாலும் நிஜமா தேவைப்படாத மருந்தா இருந்தா தேதி எப்படி இருந்தாலும் நிறுத்திப் பாக்கறதுல நஷ்டம் இல்ல. பியூடெசோனைடு சாப்பிட்ட எட்டு வாரமும் இந்த ரெண்டும் கூடவே போயிட்டு இருந்திருக்கு, அப்புறம் பியூடெசோனைடு மட்டும் நின்னுருக்கு, தூண்டுனது அப்படியே இருக்கு, அப்போ திரும்ப வர்றதுக்கு இடம் இருக்குதானே. இதைப் படிச்சுட்டு நாளைக்கே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடாதீங்க. அசிடிட்டி மாத்திரையை ஒரேயடியா நிறுத்தினா சில வாரம் அமிலம் துள்ளிக்கிட்டு வரும், படிப்படியா குறைக்கணும், வயித்துப் புண்ணுக்கோ ரத்தம் மெலிய வைக்கற மருந்துக்குத் துணையாவோ குடுத்திருந்தா நிறுத்தவே கூடாம இருக்கலாம். மனச்சோர்வு மருந்து எடுக்கறவங்க இதைப் படிச்சீங்கன்னா அதை எழுதிக் குடுத்த டாக்டரைக் கேக்காம கை வைக்காதீங்க. நிறுத்தினதுக்கப்புறமும் பலன் தெரிய சில வாரம் ஆகும், நாலு நாள்ல மாறலைன்னு முடிவுக்கு வந்துடாதீங்க.

சிகரெட் யாராவது புடிச்சா அதையும் நிறுத்தணும், புகைக்கறவங்களுக்கு இந்த நோய் சுமார் பத்து வருஷம் முன்னாடியே வருதுன்னு தெரியும்.

கூடவே ஒளிஞ்சிருக்கக் கூடிய இன்னொண்ணு சீலியாக் நோய், அதாவது கோதுமைல இருக்கற குளூட்டன் ஒத்துக்காத நோய். மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ் இருக்கறவங்ககிட்ட இது மத்தவங்களை விட அதிகமா இருக்கு, அதனால ஒரு ரத்த டெஸ்ட் பண்ணிடணும், டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஆன்டிபாடி, கூட மொத்த ஐஜிஏங்கற எதிர்ப்புப் புரதத்தோட அளவு. இதைப் பண்றதுக்கு முன்னாடி நீங்களா கோதுமையை நிறுத்திடாதீங்க, நிறுத்திட்டுப் பண்ணா நோய் இருந்தாலும் டெஸ்ட் இல்லைன்னு காட்டும். டெஸ்ட்ல சீலியாக் இல்லைன்னு வந்துட்டா குளூட்டனை விலக்கறதால இந்த நோய்க்கு நிச்சயமான பலன்னு சொல்ல ஆதாரம் இல்ல. தைராய்டும் ஒரு தடவை பாத்துக்கலாம். பித்த அமிலம் சரியா உறிஞ்சப்படாம பெருங்குடலுக்கு வந்து அங்க தண்ணியை இழுக்கறதும் இவங்கள்ல பல பேருக்குக் கூட சேந்திருக்கும், அதுக்கு வேற மருந்து, பின்னாடி சொல்றேன். திரும்ப ஆரம்பிச்ச சமயத்துல மலம் டெஸ்ட் பண்ணி கிருமி, முக்கியமா க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், ஜியார்டியா மாதிரி ஏதும் இல்லைன்னு உறுதி பண்றதும் நல்லது, எல்லா லூஸ் மோஷனையும் பழைய நோய் மேலயே போட்டுடக் கூடாது.

பியூடெசோனைடு பத்தி. இந்த நோய்க்கு உறுதியான ஆதாரம் இருக்கற மருந்து இதுதான், தினம் 9 மில்லிகிராம், ஆறுல இருந்து எட்டு வாரம், பத்துல எட்டு பேர் மாதிரி நல்லாயிடறாங்க. ஸ்டீராய்டுதான், மறைக்கல, ஆனா பிரெட்னிசோலோன் மாதிரி உடம்பு முழுக்க சுத்தறது இல்ல. குடல்ல இறங்கி வேலை பாத்துட்டு, உறிஞ்சப்படற மருந்துல சுமார் 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுத்துலயே உடைச்சுடும், அதனாலதான் பக்கவிளைவு குறைவு. கேப்ஸ்யூலை மெல்லாம, நசுக்காம முழுசா விழுங்கணும், நசுக்கினா மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முன்னாடியே கரைஞ்சிடும். கல்லீரல் உடைக்கற அந்த வேலையைத் தடுக்கற மருந்துகள், கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்து, கிளாரித்ரோமைசின், இதெல்லாம் கூட சேந்தா ரத்தத்துல பியூடெசோனைடு ஏறிடும், கிரேப்ஃப்ரூட் ஜூஸும் அப்படித்தான். எந்த டாக்டர்கிட்ட போனாலும் இந்த மாத்திரை சாப்பிடறேன்னு சொல்லணும்.

நிறுத்தினா திரும்ப வர்றதுதான் இந்த மருந்தோட தெரிஞ்ச குணம். பாதிக்கு மேல, சில ஆய்வுகள்ல 60-ல இருந்து 80 சதவீதம் பேருக்கு, திரும்ப வருது. அம்மாவுக்கு வந்தது அந்தக் கூட்டத்துல ஒண்ணு, டயக்னோசிஸ் தப்புங்கறதுக்கு அது அடையாளம் இல்ல, மருந்து தோத்துப் போச்சுன்னும் அர்த்தம் இல்ல. முதல் தடவை கேட்ட மருந்து ரெண்டாவது தடவையும் பெரும்பாலும் கேக்கும். வழக்கமா நான் பண்றது, தூண்டற மருந்துகளை முடிஞ்ச அளவு எடுத்துட்டு, திரும்ப 9 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு, அடங்கினதும் 6, அப்புறம் 3ன்னு இறக்கி, எந்த டோஸ்ல அவங்க நிம்மதியா இருக்காங்களோ அதுலயே கொஞ்ச நாள் வச்சிருக்கறது. ஒரு நாள் 6, ஒரு நாள் 3ன்னு மாத்தி மாத்தி ஒரு வருஷம் குடுத்துப் பாத்த ஆய்வும் இருக்கு, நல்லா தாங்குச்சு. அப்போ ஆயுசுக்குமான்னா, நிறைய பேருக்கு அப்படி இல்ல, சில மாசம் ஒரு வருஷம்னு குறைஞ்ச டோஸ்ல ஓட்டிட்டு நிறுத்திப் பாப்போம், சிலருக்கு அப்படியே நிக்கும், சிலருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கோர்ஸ் போதும், கொஞ்சம் பேருக்குத்தான் தொடர்ந்து தேவைப்படும். சந்தேகமான இடம் எதுன்னா வருஷக்கணக்கா சாப்பிட்டா எலும்புக்கு எவ்வளவு பாதிப்புங்கறது. நான் பாதுகாப்பு பக்கமே நிப்பேன், 61 வயசு, மாதவிடாய் நின்னவங்க, அதனால கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி ஸ்கேன், கண் பரிசோதனை, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பாத்துப்பேன். நிறைய நாள் சாப்பிட்டதை ஒரே நாள்ல நிறுத்தவும் கூடாது.

மத்த மருந்துகள்ல, லேசா இருக்கறவங்களுக்கு மோஷனைக் கட்டற லோபராமைடு மாத்திரை போதும், எண்ணிக்கையைக் குறைக்கும், அழற்சியைத் தொடாது. பித்த அமிலம் காரணமா இருந்தா கொலஸ்டைரமின் பொடி நல்லா வேலை செய்யும், ஆனா அது கூட சாப்பிடற மத்த மாத்திரைகளையும் புடிச்சு வச்சுக்கும், அதனால மத்ததை ஒரு மணி நேரம் முன்னாடியோ நாலு மணி நேரத்துக்கு அப்புறமோ சாப்பிடணும், தைராய்டு மாத்திரை எடுக்கறவங்க இதுல ரொம்ப கவனமா இருக்கணும். மெசலசின்ங்கற குடல் அழற்சி மருந்தை இன்னும் பல இடத்துல எழுதிக் குடுக்கறாங்க, 2014-ல வந்த ஒரு ட்ரையல்ல கொலாஜனஸ் கொலைட்டிஸுக்கு அது டம்மி மாத்திரையை விட குறிப்பிடும்படி மேல இல்ல, பியூடெசோனைடு தெளிவா மேல இருந்துச்சு. அதே ட்ரையல்ல டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள்லயும் மூணுல ஒருத்தருக்கு மேல அடங்கியிருக்கு. இந்த நோய் தானா ஏறி இறங்கற நோய்ங்கறதை அது காட்டுது, யாராவது ஒரு கஷாயம் குடிச்சு எனக்கு சரியாப் போச்சுன்னு சொன்னா அவங்க பொய் சொல்லல, ஆனா கஷாயத்தாலதான்னு சொல்ல முடியாது. புரோபயாட்டிக்குக்கு இதுல நம்பகமான ஆதாரம் இல்ல. பியூடெசோனைடுக்கே கேக்காத கொஞ்சம் பேருக்கு அசதயோப்ரின், இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப், வெடோலிசுமாப் மாதிரி எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்துகள் வரைக்கும் போவோம், அதுக்கு முன்னாடி மாத்திரை ஒழுங்கா போச்சா, சீலியாக் பாத்தாச்சா, பித்த அமிலம் யோசிச்சாச்சான்னு முதல்ல இருந்து பாத்துட்டுதான். அம்மா அந்த இடத்துல இல்ல, மருந்து நல்லா கேட்டவங்க அவங்க.

சாப்பாட்டுல பெரிய கட்டுப்பாடு எதுவும் நிரூபிக்கப்படல. காபி, சாராயம், சர்க்கரைக்குப் பதிலா போடற செயற்கை இனிப்பு, சிலருக்குப் பால், இதெல்லாம் தண்ணியைக் கூட்டும், ஒவ்வொண்ணா நிறுத்திப் பாத்து வித்தியாசம் இல்லைன்னா திரும்ப சாப்பிடட்டும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல நிறுத்தி வெறும் சோறும் மோரும்னு இளைச்சுப் போறவங்களைத்தான் நான் அதிகமா பாக்கறேன்.

நல்லாயிடுச்சான்னு எப்படி அளக்கறதுன்னு நீங்க கேக்கல, ஆனா இதை நான் அழுத்தி சொல்லணும். மைக்ராஸ்கோப் நோயைக் கண்டுபிடிக்கத்தான், வைத்தியம் எவ்வளவு நாள்ங்கறதை அம்மாவோட நாள் எப்படி போகுதுங்கறதுதான் முடிவு பண்ணணும். பட்டை மெலிஞ்சிருக்கான்னு பாக்க திரும்பத் திரும்ப கொலோனோஸ்கோபி பண்ண வேண்டாம். ஒரு நோட்டுல ஒரு வாரம் தினமும் எத்தனை தடவை போனாங்க, அதுல எத்தனை தண்ணியா போச்சு, ராத்திரி எழுந்தாங்களா, துணியில போச்சான்னு குறிச்சு வைங்க. வாரச் சராசரி ஒரு நாளைக்கு 3 தடவைக்குக் கீழ, தண்ணியா போறது ஒரு நாளைக்கு 1-க்குக் கீழ இருந்தா நாங்க அதை அடங்கிடுச்சுன்னு எடுத்துப்போம். அந்த நோட்டு, பயாப்ஸி ரிப்போர்ட், அம்மா சாப்பிடற எல்லா மாத்திரையும் ஆரம்பிச்ச தேதியோட, இந்த மூணையும் எடுத்துட்டு அடுத்த தடவை போங்க, லான்ஸோபிரசோலும் வலி மாத்திரையும் நிஜமா தேவையா, சீலியாக் டெஸ்ட் பண்ணியாச்சான்னு நேரா கேளுங்க. இடையில ரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, எழுந்து நின்னா தலை சுத்தி விழற மாதிரி இருந்தாலோ, சிறுநீர் குறைஞ்சாலோ அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காதீங்க, ரத்தமும் காய்ச்சலும் இந்த நோயோட வழக்கமே இல்ல, வேற ஏதோ சேந்திருக்குன்னு அர்த்தம், அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.